சொல்லும் குளிசையும்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் மனச்சிதைவு நோய்க்கான பேச்சுவழிச் சிகிச்சை – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மனச்சிதைவு நோய்க்குப் பேச்சும் சிகிச்சையாகுமா என்ற கேள்வி உளமருத்துவத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழுந்தும் அடங்கியும் வருகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது தனியொரு வடிவம் கொள்கிறது. உளவளத்துணை என்னும் தொழில் போர்க்காலத்திலேயே வேரூன்றிய இடம் இது. பாடசாலையிலும் பிரதேச செயலகத்திலும் தொண்டு நிறுவனத்திலும் அதற்கென ஆட்கள் உண்டு. ஆயினும் காதில் குரல் கேட்கும், தன்னை யாரோ பின்தொடர்வதாக நம்பும், வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் நோயாளிக்குக் கிடைப்பது பெரும்பாலும் குளிசையும் மாதாந்த ஊசியுமே. பேச்சு இவ்வளவு பரவிய மண்ணில், உளநோய்களுள் கடுமையான ஒன்றை அது ஏன் எட்டவில்லை?

மருத்துவர் தட்டுப்பாடு இதற்கு ஒரு காரணம். முழுக் காரணம் அன்று. குடாநாட்டுக்கு மருந்து ஒரு வழியாக வந்தது, பேச்சு வேறொரு வழியாக வந்தது. மருந்து மனச்சிதைவுக்கென வந்தது. பேச்சு போரின் மனவடுவுக்கென வந்தது. இவ்விரு வழிகளும் போதிய அளவில் சந்திக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நோயின் அளவையும் கருத்தில் கொள்ள வேண்டும். உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவர் மனச்சிதைவு நோயுடன் வாழ்கிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 5,83,000க்குச் சற்று மேல். அந்த விகிதம் இங்கும் பொருந்துமாயின் மாவட்டத்தில் 1,900க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருப்பர். இது கள ஆய்வின் முடிவன்று, வெறும் கணக்கு. ஆயினும் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு தாயோ சகோதரியோ மனைவியோ இருப்பதை எண்ணினால் பிரச்சினையின் பரப்பு விளங்கும்.

1. கோயிலும் பரிகாரியும்

மேலை மருத்துவம் வருமுன்னரே குடாநாட்டில் மனநோய்க்குப் பரிகாரம் இருந்தது. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புடைய செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்கள் சித்த மருத்துவ மரபின் ஆழத்துக்குச் சான்று. பரிகாரியின் எண்ணெயும் கசாயமும் ஒருபுறம். சாத்திரியார் பார்க்கும் கிரக பலனும் பூசாரி கட்டும் நூலும் மறுபுறம். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயில் நோய் தீர வேண்டி மக்கள் தங்கியிருக்கும் இடமாக நெடுங்காலமாக அறியப்பட்டது.

இவற்றைப் பேச்சுவழிச் சிகிச்சை என்று அழைப்பது மிகை. ஆனால் நோயாளியின் அனுபவத்துக்கு இங்கே ஒரு விளக்கம் கிடைத்தது. கேட்கும் குரல் இறந்த உறவினருடையதாகலாம், தெய்வத்தினுடையதாகலாம், செய்வினையின் விளைவாகலாம். விளக்கம் கிடைத்ததும் செய்ய வேண்டியதும் தெரிந்தது: நேர்த்தி, விரதம், காப்பு. குடும்பம் முழுவதும் அதில் பங்கேற்றது.

இம்மரபை உளமருத்துவம் பின்னாளில் ஆராய்ந்தது. உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் சக ஆய்வாளர்களும் வட இலங்கையில் உரு வருதல் பற்றி 2008இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. உரு வந்து வாக்குச் சொல்பவரைச் சமூகம் ஏற்று மதிக்கிறது. உளமாய நோயின் (மனச்சிதைவு உள்ளிட்ட கடும் உளநோய் வகையின்) பகுதியாக உரு வருபவர் அந்த ஏற்பைப் பெறுவதில்லை. அனுபவம் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும் அதைத் தாங்கி வாழும் ஆற்றலிலும் சமூகம் அதற்குத் தரும் இடத்திலும் வேறுபாடு உண்டு. மரபின் எல்லையும் இங்கேயே தெரிகிறது. வீட்டார் பல மாதங்களைக் கோயிலிலும் மந்திரவாதியிடமும் கழித்தபின் வைத்தியசாலைக்கு வரும்போது நோய் முற்றியிருப்பதுண்டு.

2. அங்கொடை: பேச்சில்லாத காலம்

அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியல், மகப்பேறு, இரண வைத்தியம் என மேலை மருத்துவ நூல்கள் தமிழில் வந்தன. உடல் நோய்க்குத் தமிழில் மருத்துவக் கல்வி கிடைத்த அதே நூற்றாண்டில், மனநோயாளியின் விதியை மருத்துவக் கல்வி தீர்மானிக்கவில்லை, சட்டம் தீர்மானித்தது. 1873ஆம் ஆண்டின் சித்தசுவாதீனமின்மைக் கட்டளைச் சட்டம் மனநோயாளியை நீதிமன்ற விசாரணையின் ஊடாகக் காப்பகத்துக்கு அனுப்ப வழி செய்தது. காப்பகம் கொழும்பில் இருந்தது. 1920களின் நடுப்பகுதியில் அங்கொடை மனநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டபின் அதுவே முழுத் தீவுக்கும் போக்கிடமாயிற்று.

யாழ்ப்பாணத்திலிருந்து அங்கொடை ஏறத்தாழ 400 கிலோமீட்டர். நோயாளி வீட்டாரை விட்டுப் பிரிந்தார். அவரது பேச்சுமொழி வழங்கும் சூழலை விட்டும் பிரிந்தார். லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் எட்வேர்ட் மப்பொதர் 1930களின் இறுதியில் இலங்கைக்கு வந்து அங்கொடையின் நெரிசலைக் கடுமையாக விமர்சித்து அறிக்கை தந்தார். அதை அடுத்தே வெளிநோயாளர் சேவைகள் கொழும்பில் தொடங்கின. நெரிசல் மிக்க காப்பகத்தில் ஒருவரோடு அமர்ந்து பேசுவதற்கு இடமே இல்லை. அங்கொடை என்ற ஊர்ப்பெயர் யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஏளனச் சொல்லாக மாறியது இக்காலத்தின் எச்சம். விசர் என்ற பட்டம் ஒருவர் மேல் விழுந்தால் அது குடும்பத்தின் மேலும் விழுந்தது. சகோதரியின் கலியாணப் பேச்சு வரை தொடர்ந்தது.

3. மேலைநாட்டில் எழுந்து வீழ்ந்த நம்பிக்கை

இக்காலத்தில் மேலைநாட்டில் நடந்தது வேறு. 1908இல் சூரிச் நகரின் ஓய்கன் புளூலர் இந்நோய்க்குச் சிசோபிரினியா என்ற பெயரைத் தந்தார். அவரது வைத்தியசாலையில் பணியாற்றிய கார்ல் யுங், நோயாளியின் பிதற்றலுக்கும் பொருள் உண்டு என வாதித்தார். பிராய்டுக்கு இதில் நம்பிக்கை குறைவு. வைத்தியருடன் பற்று ஏற்படாத நோயாளிக்கு உளப்பகுப்பாய்வு பயனளிக்காது என்பது அவர் கருத்து. அமெரிக்காவில் ஹரி ஸ்டாக் சலிவனும் பிரீடா பிரொம்-ரைக்மனும் அதை மறுத்தனர். பிரொம்-ரைக்மன் மேரிலாந்திலிருந்த செஸ்நட் லொட்ஜ் மருத்துவமனையில் கடும் நோயாளிகளுடன் ஆண்டுக்கணக்கில் பேசிச் சிகிச்சை செய்தார்.

இந்த முயற்சிக்குள் ஒரு தீங்கும் ஒளிந்திருந்தது. 1948இல் பிரொம்-ரைக்மன் எழுதிய கட்டுரையிலிருந்து, தாயின் குணமே பிள்ளையின் நோய்க்குக் காரணம் என்ற கருத்து பரவியது. பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. ஆனால் ஒரு தலைமுறைப் பெற்றோர் குற்றவுணர்வைச் சுமந்தனர்.

1952இல் பாரிஸில் குளோர்புரோமசீன் என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. 1968இல் பிலிப் மே வெளியிட்ட கலிபோர்னிய ஆய்வு, முதன்முறை அனுமதிக்கப்பட்ட 228 நோயாளிகளை ஐந்து வகைச் சிகிச்சைகளில் ஒப்பிட்டது. மருந்து தெளிவாகப் பயன் தந்தது. மருந்தில்லாத பேச்சுச் சிகிச்சை தனித்து எதையும் சாதிக்கவில்லை. மனச்சிதைவு நோயாளியோடு பேசிப் பயனில்லை என்ற எண்ணம் அதன்பின் பாடநூல் அறிவாகவே ஆயிற்று. இலங்கையின் பிற்காலத் தலைமுறை மருத்துவர்கள் கற்ற உளமருத்துவம் இந்தச் சூழலில் உருவானதே.

4. தெல்லிப்பழையும் போரும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் 1978இல் தொடங்கியது. குடாநாட்டின் உளமருத்துவச் சேவை தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையை மையமாகக் கொண்டிருந்தது. நோயாளி தன் மண்ணில், தன் மொழியில், வீட்டார் வந்து போகும் தூரத்தில் சிகிச்சை பெறுவது சாத்தியமாயிற்று. அங்கொடையோடு ஒப்பிட்டால் இதுவே ஒரு புரட்சி.

அது நிலைக்கவில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது தெல்லிப்பழை அடங்கிய வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தனர். உளமருத்துவப் பிரிவும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நகர்ந்தது. தொடர்ந்த ஆண்டுகளில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மருந்தும் எரிபொருளும் தட்டுப்பட்டன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது நோயாளிகளும் நடந்தனர். நெடுங்காலம் வட பகுதி முழுவதற்கும் ஓர் உளமருத்துவரே இருந்தார். அவர் தயா சோமசுந்தரம். மருந்து ஒருநாளும் தவறக்கூடாத நோய்க்கு மருந்தே வராத காலம் அது. மாதம் ஒருமுறை போடும் ஊசி அந்நிலையில் பெரும் துணை. கிளினிக்கின் நேரம் மருந்தெழுதுவதிலேயே தீர்ந்தது.

5. உளவளத்துணை வந்த வழி

பேச்சு இன்னொரு வாசலால் வந்தது. 1980களின் இறுதியில் யாழ்ப்பாணத்தில் உருவான சாந்திகம் என்னும் நிறுவனம் உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. சோமசுந்தரம், சா. சிவயோகன் முதலானோர் மருத்துவமனைக்கு வெளியே ஆசிரியர், சமயத் தொண்டர், கிராமத் தொண்டர் ஆகியோருக்கு அடிப்படை உளநல அறிவைத் தமிழில் கொடுத்தனர். போர் மக்களின் மனத்தில் விட்டுச்சென்ற காயத்தைச் சோமசுந்தரம் 1998இல் நூலாக்கினார். சாந்தியாசனம், மந்திர செபம், மூச்சுப் பயிற்சி போன்ற மரபுவழித் தளர்வு முறைகளை அவர் சிகிச்சையில் சேர்த்தார். அவற்றின் இலக்கு பதகளிப்பும் மனவடுவும் போன்ற சிறு உளநோய்கள். உளமாய நோய் அன்று.

2004 டிசம்பர் சுனாமியும் 2009இல் போரின் முடிவும் இவ்வழியை அகலமாக்கின. நிதி வந்தது, நிறுவனங்கள் வந்தன, பயிற்சிகள் பெருகின. 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஒரு பேராய்வு, மனவடு நோய் 7.0 விழுக்காட்டினரிலும் பதகளிப்பு 32.6 விழுக்காட்டினரிலும் மனச்சோர்வு 22.2 விழுக்காட்டினரிலும் இருப்பதாகக் கண்டது. இந்த எண்கள் உலகின் கவனத்தை ஈர்த்தன. மனச்சிதைவு அந்தப் பட்டியலில் இல்லை; அது போரால் உண்டான நோயாகக் கருதப்படவில்லை. ஆகவே போருக்கெனத் திறந்த நிதிவாசலும் அதற்கு அவ்வளவாகத் திறக்கவில்லை.

நிர்வாகமும் இப்பிரிவை இறுக்கியது. பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர் ஒரு துறை. வைத்தியசாலையின் உளநல மருத்துவ அலுவலரும் தாதியும் வேறு துறை. உளமாய நோய் என்று தெரிந்தால் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும் என்பது உளவளத்துணையாளர் கற்கும் முதல் பாடங்களுள் ஒன்று. அது சரியான பாடமே. அனுப்பியபின் மீண்டும் தன்னிடம் வாங்க வேண்டும் என்ற இரண்டாம் பாடம்தான் விடுபட்டது.

6. பேச்சின் மீள்வரவு

இதே காலத்தில் உலகில் பேச்சுச் சிகிச்சை புதிய வடிவில் திரும்பியது. ஆரன் பெக் 1952இலேயே ஒரு நோயாளியின் மருட்சி நம்பிக்கையைப் பேச்சால் தளர்த்திய அனுபவத்தை எழுதியிருந்தார். 1990களில் பிரித்தானியாவில் டேவிட் கிங்டன், டக்ளஸ் டேர்க்கிங்டன் முதலானோர் அதை முறைப்படுத்தினர். இச்சிகிச்சை பிள்ளைப்பருவத்தைத் தோண்டாது. மருந்துக்கு மாற்றாகவும் நில்லாது. நோயாளி நம்புவதை உடனே மறுக்காமல், அந்த நம்பிக்கை எப்போது தொடங்கியது, அதற்கு என்ன சான்று, வேறு விளக்கம் இருக்குமா என்று அவரோடு சேர்ந்து தேடும். குரலை அறவே ஒழிப்பதைவிட, குரல் இட்ட கட்டளைக்குப் பணியாமல் வாழப் பழகுவது அதன் நோக்கம்.

பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டி இதனை மனச்சிதைவு நோயாளிகளுக்கு வழங்கப் பரிந்துரைக்கிறது: குறைந்தது 16 அமர்வுகள். குடும்பத்தாருடன் வாழ்வோருக்குக் குடும்பச் சிகிச்சை குறைந்தது 10 அமர்வுகள். பயனை மிகைப்படுத்தலாகாது. 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, தனிநபர்ப் பேச்சுச் சிகிச்சையால் நோய்க்குறிகளில் ஏற்படும் முன்னேற்றம் சிறியதே என்று காட்டியது. குடும்பச் சிகிச்சை நோய் மீள்வதைக் குறைக்கிறது என்பதற்கான சான்று அதைவிட வலுவானது.

பதினாறு அமர்வும் பயிற்சி பெற்ற உளவியலாளரும் குடாநாட்டுக்கு எட்டாதவை என்று கூறலாம். ஆசிய அனுபவம் அதற்கு விடை தருகிறது. பாகிஸ்தானில் பாரூக் நயீமும் சக ஆய்வாளர்களும் ஆறு அமர்வுகளும் குடும்பத்துக்கு ஓர் அமர்வுமாகச் சுருக்கி 2015இல் சோதித்து நற்பயன் கண்டனர். இந்தியாவில் 2014இல் வெளியான ஆய்வொன்று, உள்ளூரில் தெரிந்தெடுத்துப் பயிற்றிய சமூகப் பணியாளர்களை 282 நோயாளிகள் பங்கேற்ற சோதனையில் ஈடுபடுத்தியது. மருந்துடன் இவர்களின் வீட்டு வருகையும் சேர்ந்தபோது இயலாமை ஓரளவு குறைந்தது. சோதனை நடந்த மூன்று இடங்களுள் ஒன்று தமிழ்நாட்டின் காஞ்சிபுரம். பயன் தெளிவாகத் தெரிந்ததும் அந்தக் கிராமப்புறத்திலேயே. சென்னையில் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ப் அமைப்பே அங்கு பணியாற்றியது. மொழியாலும் குடும்ப அமைப்பாலும் யாழ்ப்பாணத்துக்கு இதைவிட நெருங்கிய முன்மாதிரி இல்லை.

7. சான்று கேட்பதன் சிக்கல்

எனினும் பிரித்தானிய முறையை அப்படியே எடுத்துவர முடியாது. அச்சிகிச்சையின் மையம், நம்பிக்கைக்குச் சான்று தேடுவது. லண்டனில் ஒருவர் தன்னை உளவாளிகள் பின்தொடர்வதாகச் சொன்னால், அது நடக்கக்கூடியதன்று என்ற பொது அனுமானத்தில் இருவரும் தொடங்கலாம். யாழ்ப்பாணத்தில் அந்த அனுமானம் செல்லாது. சுற்றிவளைப்பில் முகமூடியிட்ட தலையாட்டியின் ஓர் அசைவால் ஆட்கள் கொண்டு செல்லப்பட்டது உண்மை. ஆட்களைக் கடத்திய வெள்ளை வான் உண்மை. அயலவருள் ஒருவர் தகவல் கொடுப்பவராக இருந்ததும் உண்மை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் இன்றும் வீதியில் நிற்கின்றனர்.

ஆகவே ‘என்னைப் பிடிக்க வருகினம்’ என்று ஒருவர் சொல்லும்போது, சிகிச்சையாளர் முதலில் கேட்க வேண்டியது அச்சத்தின் வரலாறு. எந்த ஆண்டு, எந்தச் சந்தி, யார் கொண்டு செல்லப்பட்டார்? அன்று அந்த அச்சம் அவரைக் காத்தது என்பதை ஏற்றுக்கொண்ட பின்னரே இன்றைய நிலைமையைப் பற்றிப் பேசலாம். மனவடுவுக்கெனப் பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் இந்த இடத்தில் வேறெவரையும்விடத் தகுதியானவர். இரண்டாகப் பிரிந்த அந்த வழிகள் சந்திக்க வேண்டிய புள்ளி இதுவே. போரின் வடுவும் மனச்சிதைவும் ஒரே மனிதரில் இருக்கக்கூடும். அவருக்கு இரு துறைகளிலும் பாதிப் பாதியாகச் சிகிச்சை செய்ய முடியாது.

குரல் பற்றியும் இவ்வாறே. மானிடவியலாளர் தான்யா லூர்மனும் சக ஆய்வாளர்களும் கலிபோர்னியா, கானா, சென்னை ஆகிய மூன்று இடங்களில் தலா 20 நோயாளிகளின் குரல் அனுபவத்தை ஒப்பிட்டு 2015இல் எழுதினர். அமெரிக்கர் பலருக்குக் குரல் வன்முறை நிறைந்த அந்நியத் தாக்குதல். சென்னையில் பலருக்கு அது உறவினரின் குரல், ஏசவும் செய்யும், வீட்டு வேலையை நினைவூட்டவும் செய்யும். உறவுமுறை கொண்ட குரலோடு உறவுமுறைப்படியே பேச்சை நடத்தலாம். கண்டிப்பான பெரியம்மாவுக்கு மறுமொழி சொல்லும் விதம் தமிழருக்குப் புதிதன்று.

8. சிகிச்சையாளராகாத பராமரிப்பாளர்

நான்சி வாக்ஸ்லர் 1979இல் வெளியிட்ட இலங்கை ஆய்வு, மனச்சிதைவு நோயாளிகளின் ஐந்தாண்டுப் போக்கு இங்கு மேலைநாடுகளைவிட நன்றாயிருப்பதாகக் கண்டது. குடும்பம் நோயாளியை நிரந்தர நோயாளியாக முத்திரையிடாமல் வேலைக்கும் உறவுக்கும் விரைவில் திருப்புகிறது என்பது அவர் விளக்கம். மறுபுறம், வீட்டாரின் குறைகூறலும் அளவுமீறிய தலையீடும் நோய் மீளுவதைத் தூண்டும் என்று 1972இல் ஜோர்ஜ் பிரவுனும் சக ஆய்வாளர்களும் லண்டனில் காட்டினர். இந்தியாவின் சண்டிகாரில் நடந்த ஆய்வுகளில் அத்தகைய குறைகூறல் லண்டனைவிடக் குறைவாக இருந்தது.

அந்தக் குடும்பம் இன்று முன்போல் இல்லை. போரில் இறந்தவர் போக, பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் சுவிஸிலும் வாழ்கின்றனர். வயதான தாய் ஒருத்தியே குளிசை கொடுக்கிறாள், கிளினிக்குக்குக் கூட்டிச் செல்கிறாள், இரவில் விழித்திருக்கிறாள். மகன் படுத்தே கிடப்பதை அவள் சோம்பல் என்று எண்ணி ஏசுகிறாள். அது நோயின் குறி என்று அவளுக்கு அமர்ந்து விளக்கியவர் அரிது. வெளிநாட்டு அண்ணன் தொலைபேசியில் ‘இன்னும் வேலைக்குப் போகேல்லையோ’ என்று கேட்கிறான். இவர்களை ஒரு மணி நேரம் இருத்திப் பேசுவதற்குப் புதிய மருந்து வேண்டாம், புதிய கட்டடமும் வேண்டாம். தாயைக் குற்றம் சாட்டிய 1948ஆம் ஆண்டின் தவறை மட்டும் திரும்பச் செய்யலாகாது.

முடிவுரை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மனச்சிதைவு நோயாளி மூன்று கட்டங்களைக் கடந்துள்ளார். முதலாவதில் அவரது அனுபவத்துக்கு விளக்கம் இருந்தது, மருந்து இல்லை. இரண்டாவதில் காப்பகம் இருந்தது, விளக்கமும் இல்லை, வீடும் இல்லை. மூன்றாவதில் மருந்தும் வீடும் உண்டு. அவரோடு அமர்ந்து பேச ஆள் இல்லை. பேசத் தெரிந்தவர்கள் அடுத்த அலுவலகத்திலேயே இருக்கின்றனர் என்பதே இக்கட்டத்தின் முரண்.

மருந்தை நிறுத்திப் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று வரலாறு சொல்லவில்லை. 1968ஆம் ஆண்டு ஆய்வு அந்த வாதத்தை முடித்துவிட்டது. மருந்தோடு பேச்சும் வேண்டும். அதிலும் குடும்பத்தோடு பேசுவது முதலில் வேண்டும். இதற்கான முதற்படி சிறியது. வைத்தியசாலையின் உளநலப் பிரிவும் பிரதேச செயலகங்களின் உளவளத்துணை உத்தியோகத்தரும் ஒரே நோயாளியை ஒரே திட்டத்தின்கீழ் பார்க்க வேண்டும். நோயறிதலும் மருந்தும் மருத்துவரிடம் இருக்கட்டும். ஆறு அமர்வுப் பேச்சும் வீட்டாருடனான சந்திப்பும் மேற்பார்வையுடன் உளவளத்துணையாளரிடம் வரட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் இதை முறையாகச் சோதித்துப் பயனையும் பயனின்மையையும் தமிழிலேயே எழுதி வெளியிட வேண்டும். போர் பயிற்றுவித்த பேச்சுத் திறனைப் போர் முடிந்தபின் மனச்சிதைவு நோயாளியின் வீட்டு வாசலுக்குக் கொண்டு செல்வது, இனிச் செய்ய வேண்டிய பணிகளுள் முதன்மையானது.